மூன்றா, எட்டா

என் பையில் எப்போதும் நாலு தலைமுறை வயர் கிடக்கும்.
இலங்கைச் சேனல் பிடிக்க
மாடிக் கம்பத்தில் கட்டிய தட்டை வயர்
(இப்போது அதை வைத்துத்தான்
பைக்கில் சிலிண்டர் கட்டுகிறேன்),
கறுத்த தடிவயர்,
மஞ்சள் சிவப்பு வெள்ளை என்று மூன்று தலை முளைத்தது,
அப்புறம் பட்டை வாய் வைத்த எச்டிஎம்ஐ.
அதிலேயே மூன்று வயசு.

வாய் மூன்றுக்கும் ஒன்றுதான்.
பத்தொன்பது பல், தங்கப் பூச்சு.
பார்த்தால் அண்ணன் தம்பி என்பீர்கள்.
தம்பி ஒரு நொடியில் விழுங்குவதை
மூத்தவனுக்கு ஊட்டினால்
திரை முழுக்க வெள்ளைப் பொரி பொரியும்,
பிறகு இருட்டு.

டிவிக்காரன் வருசத்துக்கு ஒரு கண் திறக்கிறான்.
வயர்க்காரன் பின்னாலேயே ஓடுகிறான்.
பாம்பனில் அவர்கள் இருவரையும்
உப்பு துரத்துகிறது.
கச்சான் அடித்த ஒரே மாசத்தில்
தங்கப் பல்லில் பச்சை பூக்கும்.

விடிந்தும் விடியாமல் மெர்சலின் போன்.
'ஏ நம்பு, கடைசி நம்பர்
மூணா எட்டானு தெரியல. ஒடனே வா.'

ராத்திரி ஏழு படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.
சங்கத்துப் பட்டியல் இன்னும் வரவில்லை.
போன எல்லா ஆளின் கைபேசியும்
தொடர்பு எல்லைக்கு வெளியே.
செய்தியில் மட்டும்
கால் மணிக்கு ஒருமுறை
ஒரு படகு மூன்று நொடி திரும்புகிறது,
விலாவில் எண்ணைக் காட்டி.

மூன்று என்றால் அவள் இன்னாசி.
எட்டு என்றால்
மூன்று வீடு தள்ளி, லிடியாவின் சவேரி.

நாற்பத்து மூன்று இஞ்சு டிவி.
தவணை இன்னும் ஒன்பது பாக்கி.
பின்னால் எட்டிப் பார்த்தேன்:
கடைப் பையன் கைக்கு வந்த
மஞ்சள் வயரைச் சொருகிவிட்டுப் போயிருக்கிறான்.
எட்டு மாசமாக இவர்கள்
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு
வெறுங்கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.
மஞ்சள் வயர் எதையும் கஞ்சியாகக் கரைத்துத்தான் ஊற்றும்.
முகம் என்றால் பரவாயில்லை,
குரலை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.
எண்ணுக்குக் குரல் கிடையாது.

முதல் வயரை மாட்டினேன்.
படகு வந்தது, திரும்பியது,
விலா தெரியும் நேரம் பார்த்துத் திரை செத்தது.
உருவிப் பார்த்தால் பல்லில் பச்சை.
'அடுத்த தடவை' என்றேன்.
அடுத்த தடவைக்குள்
ஒரு நகைக்கடை, ஒரு சிமெண்டு, ஒரு முட்டி வலித் தைலம்.
மெர்சலின் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றாள்.
தள்ளி நில்லு என்று சொல்ல வாய் வரவில்லை.

இரண்டாவது வயர் புதுசு, இரண்டு மீட்டர்.
கவரைப் பல்லால் கிழித்து மாட்டினேன்.
தண்ணீர் துளித் துளியாகத் தெரிந்தது.
கயிற்றில் முறுக்கு தெரிந்தது.
விலாவில் பெயிண்ட் உரிந்த இடமும்
அதற்குப் பக்கத்தில்

எட்டு.

இரண்டு வளையமும் மூடியே இருந்தன.

மெர்சலின் சுவரைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்தாள்.
சிரிக்கவில்லை. மாதாவே என்றும் சொல்லவில்லை.
சொன்னால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.
ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள்,
குறைத்துக்கொண்டே போனாள்,
நகைக்கடைப் பெண் ஊமையாக ஆடும்வரை.

'எவ்வளவு?'
'இருநூத்தி எம்பது.'
முந்நூறு தந்தாள்.
மிச்சத்தை அவள் கேட்கவில்லை, நான் தேடவில்லை.

வெளியே வலையில் வெயில் ஏறிவிட்டது.
பைக்கை உதைக்காமல் தள்ளிக்கொண்டே போனேன்,
இரண்டு வீடு வரைக்கும்.
லிடியா வீட்டிலும் அதே சேனல் ஓடியது.
அங்கே இன்னும் மஞ்சள் வயர்.
அங்கே அந்தப் படகு இன்னும்
மூன்றாகவும் இருக்கலாம்.

ஜன்னலில் கம்பிக்கு வெளியே ஒரு கை.
'அண்ணே, எங்க டிவியும் ஒரே மங்கல்.
நல்ல வயர் ஒண்ணு இருக்கா?'

பையில் ஒன்று இருக்கிறது.
பல்லில் பச்சை இல்லை.